முதலாளி வெளியே போயிருக்கிறார்

ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த ஹோட்டலின் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்தாக என்னவோ எழுதியிருந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது பட்லர் ஹோட்டல்தான். அதன் முதலாளி ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராக வேலை பார்த்துவிட்டு வந்தவர். முகத்துக்கு நேரே "முதலாளி" என்பார்கள். முதுகு திரும்பியதும் "பட்லர்" என்பார்கள். அது அவருக்கும் தெரியும், தெரிந்தும் கோபம் வந்ததில்லை. முதலாளி என்று யாராவது கூப்பிட்டால்தான் மனிதர் தடுமாறிப்போய், தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்.

ஹோட்டல் முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. முன்கட்டு வெள்ளைக்காரப் பிரயாணிகளுக்கு. கொசுவலை கட்டிய இரும்புக் கட்டில், ஆள் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு குளியல் தொட்டி, வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேஜை, அதன்மேல் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கோப்பைகள், சுவரில் யாரோ ஒரு சீமாட்டி நாய்க்குட்டியைக் கொஞ்சுகிற படம். பின்கட்டு மற்ற எல்லோருக்கும். கோர்ட்டு வாய்தாவுக்கு வந்த கட்சிக்காரர்கள், துணி வியாபாரிகள், மாற்றலாகி வந்து வீடு தேடும் குமாஸ்தாக்கள் என்று அங்கே எந்நேரமும் ஜேஜே என்று கூட்டம். அடுப்பு எரிந்தது அவர்களால்தான். பெருமை மட்டும் முன்கட்டுக்குப் போனது.

முன்கட்டுக்கு எப்போதாவது ஒரு துரை வேறு போக்கிடம் இல்லாமல் வந்து சேருவார். சூப் ஆறிப்போய்விட்டது என்று திட்டிவிட்டுப் போவார். அந்தத் திட்டை வாங்குவதற்காக பட்லர் தினமும் முன்கட்டைப் பெருக்கித் துடைத்து, தலையணை உறை மாற்றி, தொட்டிக்கு வெந்நீர்கூடப் போட்டு வைத்தார். பின்கட்டு ஆட்கள் அங்கே கால் வைக்கக்கூடாது. சத்தமாகச் சிரிக்கக்கூடாது. தும்மல் வந்தால் கொல்லைப்பக்கம் போய்த் தும்மவேண்டும். இந்தச் சட்டத்திலிருந்து அவர் தன்னையும் விலக்கிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முன்கட்டு நாற்காலிகள் அவர் சொந்தமாக வாங்கியவை, தினமும் தன் கையால் தூசி தட்டியவை. அவற்றில் ஒன்றில்கூட அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குச் சாப்பாடு அடுக்களையில், தரையில்.

அடுக்களை மனைவியின் ராஜ்ஜியம். பின்கட்டுக்குச் சமைத்துப் போட்டு ஹோட்டலை உண்மையில் நடத்தியவள் அவள்தான்.

"அந்தக் கட்டில்ல கொசுவலை மட்டும்தான் தூங்குது," என்பாள். "பின்கட்டுல ஒருத்தர் கால்மாட்டுல இன்னொருத்தர் தலை வச்சுப் படுத்திருக்காங்க. அந்த ரூமைத் தொறந்து விட்டா என்ன கொறைஞ்சு போகும்?"

"தொரை வந்தா எங்க தங்குவாரு?"

"எந்தத் தொரை?"

"என் தொரை."

அந்த இடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

அவருடைய துரையிடம் அவர் மீசை அரும்பிய வயதில் சேர்ந்து, நரை விழுந்த பிறகுதான் விட்டு வந்தார். பூட்ஸ் துடைப்பதிலிருந்து மேஜையில் பரிமாறுவது வரை எல்லாம் அவர்தான். துரை கொடுத்த வெகுமதியும் மனைவியின் நகைகளும் சேர்ந்துதான் ஹோட்டலானது. வெகுமதியைப் பற்றி ஊரெல்லாம் சொல்வார். நகைகளைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. துரை என்றைக்காவது இந்த ஹோட்டலுக்கு வரவேண்டும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இது உன்னோடதா?" என்று கேட்கவேண்டும். பிறகு எதிர் நாற்காலியைக் காட்டி, "உட்கார்" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஆயுசில் பாதியை அந்த மனிதர் எதிரில் நின்றே கழித்தவருக்கு அதற்கு மேல் வேறு மோட்சம் தேவைப்படவில்லை. இதை மனைவியிடம் ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உக்கார்றதுக்கு ஒரு தொரை வந்து சொல்லணுமா? இதோ நான் சொல்றேன், உக்காருங்க."

"நீ சொன்னா உக்காந்த மாதிரியே இருக்காது," என்றார் பட்லர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இப்படியிருக்கையில் ஒருநாள் மச்சினன் மூச்சிரைக்க ஓடி வந்தான். மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. ஹோட்டலின் குதிரை வண்டியை ஓட்டுகிறவன். ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் நின்று பிரயாணிகளைப் பிடித்து வருவது அவன் வேலை. ஹோட்டலுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே குதிரை ஓட ஆரம்பிப்பதற்குள் நிறுத்த வேண்டியிருக்கும். ஆனாலும் துரைமார்களை நடத்திக் கூட்டி வரக்கூடாது என்பதற்காக ஒரு குதிரையும் ஒரு மச்சினனும் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

"அத்தான், உங்க தொரை வர்றாராம்."

பட்லர் கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். இல்லையென்றால் அது போயிருக்கும்.

"ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாரு. நாளைக்குக் காலை ரயில்ல வந்து எறங்குறாரு. சாயங்காலம் துறைமுகத்துக்குப் போற ரயிலைப் பிடிக்கணுமாம். நடுவுல குளிச்சு, சாப்பிட்டு, ஓய்வெடுக்க எடம் வேணுமாம். பென்ஷன் வாங்கிட்டு ஒரேயடியா அவங்க ஊருக்குப் போறாராம்."

"ஒரேயடியா" என்ற சொல்தான் பட்லரைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷமாக "என்றைக்காவது" என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஆசை இப்போது ஒரே பகலுக்குள் வந்து நின்றுவிட்டது. நாளை சாயங்காலத்துக்குள் துரை அந்த வார்த்தையைச் சொன்னால் சொன்னதுதான். கப்பலேறிப் போனவர் திரும்பி வந்து சொல்லப் போவதில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் உட்கார நேரமில்லை. திரைச்சீலை துவைத்தாயிற்று, தொட்டியைத் தேய்த்தாயிற்று, சுவரில் இருந்த சீமாட்டியின் முகத்தைக்கூட ஈரத்துணியால் துடைத்தாயிற்று. இந்த நாளுக்கென்று எப்போதோ தைத்து வைத்திருந்த கறுப்புக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். வயிறு கொஞ்சம் வளர்ந்திருந்தது. மூச்சை அடக்கினால்தான் பொத்தான் போட முடிந்தது. கண்ணாடி முன்னால் நின்று, "வெல்கம் டு மை ஹோட்டல், சார்," என்று சொல்லிப் பார்த்தார். "மை" என்ற இடம் வரும்போதெல்லாம் குரல் கம்மியது.

"கண்ணாடியைப் பார்த்தே பயந்தா எப்படி? என்னைப் பார்த்துச் சொல்லுங்க," என்று மனைவி வந்து துரையின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுந்திரு மொதல்ல, கறை பட்டுடும்."

"ஏன், என் புடவையில என்ன கறை இருக்கு?" என்று கேட்டாளே தவிர, எழுந்திருக்கவில்லை. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவளாக எழுந்து போகும்வரை ஒத்திகை நடக்கவில்லை.

மறுநாள் காலை வண்டி வாசலில் வந்து நின்றது. பட்லர் கறுப்புக் கோட்டில் கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். படியிறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறக்கத் துடித்த கால்களை, முதலாளி ஓடமாட்டான் என்று சொல்லிச் சொல்லிப் பிடித்து வைத்திருந்தார். துரை உள்ளே வந்தார். முன்பைவிடச் சிவந்து, முன்பைவிடக் கனத்து, ஆனால் அதே துரை. நடந்துகொண்டே, எந்தப் பக்கமும் பார்க்காமல், தொப்பியையும் கைத்தடியையும் காற்றில் நீட்டினார். அவை கீழே விழவில்லை. பட்லரின் கைகள் எப்போது நீண்டு வாங்கின என்று பட்லருக்கே தெரியாது.

"அட, நீயா?" என்றார் துரை. அவர் பேசியதெல்லாம் அவர் பாஷையில்தான். "நல்லாயிருக்கியா? கோட்டெல்லாம் நல்லாக் குடுத்திருக்காங்களே. சரி, முதலாளி எங்கே?"

இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கேள்வியே பதிலுக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டது. "நான்தான் சார்" என்றால் முடிந்தது. ஆனால் பட்லர் வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டு. வாசலில் வந்து நிற்கும் எவனாவது "துரை எங்கே?" என்று கேட்டால், துரை உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும், குடித்துக்கொண்டிருந்தாலும், கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாலும், பட்லர் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கடன்காரர்களிடமும் மனு கொடுக்க வந்தவர்களிடமும் ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய நாக்கு அது. அவரைக் கேட்டுக்கொண்டா பேசும்?

"வெளியே போயிருக்கிறார், சார்."

சொன்னபின்தான் காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. துரை அவர் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"அப்படியா. சாப்பாட்டுக்கு வந்துடுவாரில்ல?"

"வந்துடுவார், சார்."

பட்லர் வெந்நீர் எடுத்து வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. நடந்ததைச் சொன்னார். மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உங்க ஹோட்டல்ல உங்களையே இல்லைன்னுட்டீங்களா? போங்க, இப்பவே போய், நான்தான் முதலாளின்னு சொல்லிட்டு வாங்க."

"எப்படிச் சொல்றது? மொதல்ல பொய் சொன்னேன்னு ஆயிடாதா? நான் பொய் சொன்னேன்னு தொரை ஒரு நாளும் நெனச்சதில்லை."

"வந்தவங்க எல்லார்கிட்டயும் அவருக்காகப் பொய் சொன்ன ஆளு நீங்க."

"அது அவருக்காகச் சொன்னது. அவர்கிட்டச் சொன்னதில்லை," என்றார் பட்லர். இந்த வித்தியாசம் அவருக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. "சாப்பாட்டுக்கு முதலாளி வருவாருன்னு வேற சொல்லிட்டேன். யாராவது வந்தாகணும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் மச்சினன். குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தான்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? நான்தானே வண்டி ஓட்டிக் கூட்டிட்டு வந்தேன். மூஞ்சி தெரியாதா?"

"தெரியாது. தொரைமாருங்க வண்டிக்காரன் முதுகைத்தான் பார்ப்பாங்க. நம்ம தொரைக்கு வருஷக்கணக்கா வண்டி ஓட்டினவன் ஒருத்தன் இருந்தான். அவன் செத்து, அவன் தம்பி வந்து ஓட்டினப்பக்கூட அவருக்கு வித்தியாசம் தெரியல."

"எனக்கு இங்கிலீஷ் வராதே அத்தான்."

"யெஸ், நோ, வெரி குட் வருமில்ல? மிச்சத்துக்கு நான் இருக்கேன்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தம்பியின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "போடா, போய்க் கோட்டை மாட்டு. இதையும் பார்த்தாலாவது இவருக்குப் புத்தி வருதான்னு பாப்போம்."

கோட்டு மச்சினனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது. பொத்தான் போட அவன் மூச்சை அடக்க வேண்டியிருக்கவில்லை. பட்லர் தன் பழைய வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டார். போட்டதும் அவருக்கே உடம்பு லேசானது.

மத்தியானம் மேஜையில் துரை உட்கார்ந்திருந்தார். மச்சினன் உள்ளே வந்து கும்பிட்டான். துரை எழுந்து நின்று கைகுலுக்கினார். பிறகு எதிர் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கள்," என்றார்.

சூப் கிண்ணத்தோடு வந்த பட்லர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அந்த வார்த்தை அவர் கனவில் கேட்ட குரலிலேயே, அவர் நினைத்திருந்த நாற்காலியைக் காட்டியே வந்திருந்தது. ஆள்தான் வேறு. மச்சினன் நாற்காலி கிறீச்சிட உட்கார்ந்து, வசதியாகச் சாய்ந்துகொண்டான். கொஞ்சமாவது கூச்சப்படுவான் என்று பட்லர் எதிர்பார்த்தார். படவில்லை. உட்காருவதற்கு ஒரு மனிதனுக்கு இவ்வளவுதான் தேவையா என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

"ரொம்ப நாளா ஹோட்டல் நடத்தறாரா?" என்று துரை கேட்டார். பட்லர் மொழிபெயர்த்தார்.

"என்ன சொல்லட்டும் அத்தான்?"

"அத்தான்னு கூப்பிடாதே. பட்லர்னு கூப்பிடு."

"சரி அத்தான்."

பட்லரே துரையிடம் திரும்பி, முதலாளி ரொம்ப வருஷமாக நடத்துவதாகச் சொன்னார். துரை ரொட்டியைப் பிட்டுக்கொண்டே அடுத்த கேள்வியைப் போட்டார். "இந்தப் பட்லர் எப்படி? ஒழுங்கா இருக்கானா?"

தன்னைப் பற்றிய கேள்வியைத் தன் மச்சினனிடம் தானே கேட்கும் நிலைமை வேறு எந்த ஹோட்டல் முதலாளிக்கும் வந்திருக்காது. பட்லர் மென்று விழுங்கிக்கொண்டு கேட்டார். மச்சினன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். இப்படி ஒரு சந்தர்ப்பம் ஆயுசில் இன்னொரு தரம் வராது என்று அவனுக்குத் தெரியும்.

"வேலையில கொறை சொல்ல முடியாதுன்னு சொல்லுங்க. ஆனா பிடிவாதம் ஜாஸ்தி. ரூமையெல்லாம் பூட்டி வச்சுக்கிட்டு, பின்னாடி இருக்கற ஜனங்களை ஆடு மாடு மாதிரி அடைச்சு வைக்கிறான். பொண்டாட்டி சொன்னாலும் கேக்கறதில்லை, மச்சான் சொன்னாலும் கேக்கறதில்லை. என்னைக்கோ போன எஜமானை இன்னும் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடறான். இதையெல்லாம் சொல்லுங்க."

அடுக்களைப் பக்கத் திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"முதலாளிக்கு என்மேல் திருப்தியாம், சார்," என்றார் பட்லர்.

"அவ்வளவு நீளமாச் சொன்னாரே?"

"எங்க பாஷையில திருப்திக்கு அவ்வளவு நீளம் வேணும், சார்."

துரை சிரித்தார். மச்சினனும், எதற்கென்று தெரியாமல், "வெரி குட்," என்று சிரித்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "பட்லர், தண்ணி," என்றான் அதட்டலாக. பட்லர் ஊற்றினார். அவன் குடித்துவிட்டு இன்னொரு தரம் கேட்டான். தாகத்துக்காகக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

உருளைக்கிழங்கு வந்த சமயத்தில் துரை தலையை நிமிர்த்திப் பட்லரைப் பார்த்தார். "என்னை விட்டுப் போறப்ப, சொந்தமா ஏதோ ஆரம்பிக்கப் போறேன்னு சொன்ன ஞாபகம். என்ன ஆச்சு அது?"

பட்லரின் கையில் பரிமாறும் கரண்டி இருந்தது. மச்சினனுக்குக் கேள்வி புரியவில்லை. ஆனால் அத்தானின் முகத்தைப் பார்த்ததும் என்ன கேட்டிருப்பார் என்று தெரிந்துவிட்டது. அவனே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். திரைக்குப் பின்னால் மனைவியின் வளையல் சத்தமும் நின்றது. "இதுதான் சார்" என்ற வார்த்தை பட்லரின் பல் வரைக்கும் வந்தது. அப்போது பார்த்துத் துரையின் தட்டில் கிழங்கு தீர்ந்திருப்பது கண்ணில் பட்டது. காலித் தட்டோடு துரையைக் காக்க வைத்ததே இல்லை அவர்.

"அது சரிப்பட்டு வரலை, சார்," என்று சொல்லி, இரண்டு கிழங்கு வைத்தார்.

"போகட்டும்," என்றார் துரை, கிழங்கை வெட்டிக்கொண்டு. திரைக்குப் பின்னால் ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, விட்டெறிந்ததா என்று சொல்ல முடியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு துரை தூங்கினார். பட்லர் அவர் பூட்ஸைத் துடைத்தார், கோட்டைத் தட்டினார், பெட்டிகளை அவருக்குப் பிடித்த மாதிரி அடுக்கினார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த வேலையில் அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. என்ன செய்யவேண்டும் என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது. முதலாளியாக இருந்த வருஷங்களில் ஒருநாள்கூட அப்படித் தெரிந்ததில்லை. அதை நினைத்ததும் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. பூட்ஸின் மேல் எச்சில் துப்பினார். பளபளப்புக்காகத்தான் துப்பினார், ஆனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே துப்பினார்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"ஸ்டேஷன்ல வச்சாவது சொல்லிடுங்க."

"அதைத்தான் நானும் யோசிச்சேன். ரயில் கெளம்பற நேரத்துல சொல்லிடறேன். பொய் சொன்னதுக்குத் திட்ட அவருக்கு நேரம் இருக்காது."

"உக்காரச் சொல்லவும் நேரம் இருக்காது."

"அது இல்லாட்டிப் போகுது," என்றார். "அவரு ஊருக்குப் போயி, என்னை ஒரு வேலைக்காரனாவே நெனச்சுக்கிட்டுச் சாகக்கூடாது. அவருக்குத் தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் அவர் கையிலிருந்த பூட்ஸை வாங்கி மற்றதன் பக்கத்தில் வைத்தாள். "சரி, தெரிஞ்சாப் போதும்," என்றாள். தன் நகைகளைக் கொடுத்த அன்றைக்குக்கூட அவள் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

சாயங்காலம் புறப்படும்போது ஒரு சிக்கல் வந்தது. வண்டிக்காரன் முதலாளியாகிவிட்டதால் வண்டி ஓட்ட ஆளில்லை. துரையும் மச்சினனும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பட்லர் முன்னால் ஏறி லகானைப் பிடித்தார். பின்கட்டு ஆட்களெல்லாம் ஜன்னல்களில் வாயில் ஈ போவது தெரியாமல் நின்று பார்த்தார்கள். தும்மல்கூட யாருக்கும் வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்கள், வழக்கமாகக் குனிந்து "முதலாளி" என்கிறவர்கள், என்ன சொல்வதென்று தெரியாமல் மச்சினனுக்கு ஒரு கும்பிடு போட்டார்கள். அவன் தலையசைத்து வாங்கிக்கொண்டான்.

ஸ்டேஷனில் பட்லர் பெட்டிகளை ஏற்றினார், படுக்கையை விரித்தார், தண்ணீர்க் கூஜாவைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். துரை மச்சினனோடு கைகுலுக்கி, உபசாரத்துக்கு நன்றி சொன்னார். "யெஸ், யெஸ்," என்றான் அவன். துரை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கார்டு கொடியை எடுத்ததும் பட்லர் ஜன்னலை ஒட்டிப் போய் நின்றார். இந்த முறை கையில் கரண்டி இல்லை, தட்டு இல்லை, தொப்பி இல்லை.

"சார், அந்த ஹோட்டல்..."

துரை கையை உயர்த்தி நிறுத்தினார். வாயெல்லாம் பல்லாக, அருகே வரும்படி விரலை அசைத்தார்.

"தெரியும்," என்றார். "ரயிலை விட்டு எறங்கின உடனேயே ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிட்டான், ஹோட்டல் உன்னோடதுன்னு. வண்டியில வர்றப்ப எனக்கு ஒரே சங்கடம். நீ முதலாளியா வந்து நின்னா நான் எழுந்து நிக்கணும், கை குடுக்கணும், எதிர்ல உக்கார வச்சு சாப்பிடணும். உன்கூட எப்படி? கடைசி நாள் அதுவுமா இந்தத் தர்மசங்கடம் எதுக்குன்னு நெனச்சேன். அதான் தெரியாத மாதிரி முதலாளி எங்கேன்னு கேட்டேன். நான் சொல்லாமலே உனக்குப் புரிஞ்சுது பாரு. அந்த வண்டிக்காரனுக்குக் கோட்டு மாட்டி உக்கார வச்சியே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. நடுவுல ஒருதரம் சோதிச்சுக்கூடப் பார்த்தேன். நீ அசையல. என்கிட்ட நீ எத்தனையோ வேலை பார்த்திருக்க. ஆனா இன்னைக்கு என்னை இதுலேர்ந்து காப்பாத்தினதுதான் உன் ஆயுசுலேயே நல்ல வேலை."

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, குதிரையைத் தட்டுவது போல அவர் தோளில் தட்டினார். ரயில் ஊதியது.

பட்லர் வீட்டுக்கு நடந்தே வந்தார். மச்சினன் வண்டியோடு பின்னாலேயே வந்து, "என்ன அத்தான் சொன்னாரு? ரொம்ப நேரம் பேசினாரே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பாதி வழியில் கோட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

மனைவி அடுக்களையில் பின்கட்டு ஆட்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லவே வேண்டியிருக்கல. அவருக்கு முன்னாடியே தெரியுமாம்."

பிறகு துரை பேசியதையெல்லாம் அவளுக்குச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவர் செய்த மொழிபெயர்ப்பில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது. "எதிர்ல உக்கார வச்சு... உன்கூட எப்படி?" என்ற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. சோதித்துப் பார்த்ததையும் சொன்னார், தோளில் தட்டியதையும் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

பட்லர் தரையைப் பார்த்தார்.

"தேங்க்யூ சார்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ரயில் கெளம்பிடுச்சு."